வௌவால் மூத்திரம் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர்: கொடுத்த காசுக்குத் தேறுமா?

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். பழந்தின்னி வௌவால் மட்டும் பார்க்கிறவர் என்றால் நான்கு கொடுத்துவிடுவேன், பூச்சி தின்னும் வௌவாலோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் இரண்டரைக்கு மேல் கொடுக்க மனசு வராது. அதற்குக் காரணம் பாதி கருவியில் இருக்கிறது, பாதி வௌவாலின் சிறுநீரகத்தில் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சாமான் இதுதான்: கையடக்க கிளினிக்கல் ரிஃப்ராக்டோமீட்டர். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதா ரகம், பேட்டரி எதுவும் வேண்டாம். ஒரு முனையில் சாய்வான நீலக் கண்ணாடிப் பட்டகம், அதன் மேல் மூடித்திறக்கிற ஒரு பிளாஸ்டிக் தகடு, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ். பட்டகத்தில் ஒரு துளி சிறுநீரை விட்டுத் தகட்டை மூடி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே வட்டத்தின் மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் தெரியும், இரண்டும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. சிறுநீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறதோ அவ்வளவு ஒளி வளையும், கோடும் அவ்வளவு மேலே ஏறும். உள்ளே மூன்று அளவுகோல்கள் அடித்திருக்கிறார்கள்: சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.000-லிருந்து 1.050 வரை, ரத்தச் சீரத்தின் புரதம் 0-லிருந்து 12 கிராம் வரை, அப்புறம் வெறும் ஒளிவிலகல் எண். நமக்கு முதலாவது போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே உடம்பு, இதே ரப்பர் பிடி, இதே கறுப்புப் பெட்டியில் தேனுக்கு ஒன்று, கரும்புச்சாறுக்கு ஒன்று, இறால் பண்ணையில் உப்பு பார்க்க ஒன்று, கார் ரேடியேட்டர் கூலண்டுக்கு ஒன்று என்று விற்கிறார்கள். படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் சர்க்கரை அளக்கிற பிரிக்ஸ் மீட்டர்தான் வந்து இறங்கும். பட்டியலில் 'யூரின் எஸ்.ஜி.' (சிறுநீர் ஒப்படர்த்தி) என்ற வார்த்தை இருக்கிறதா, அளவுகோலின் படம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, வௌவாலுக்கு இது எதற்கு?

வௌவாலின் தண்ணீர்க் கணக்கு மற்ற பாலூட்டிகளைவிடச் சிக்கலானது. முடியில்லாத இறக்கைத் தோல் உடம்பைவிடப் பல மடங்கு பரப்பு, அதன் வழியே தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பறக்கும்போது மூச்சிலும் போகும். வெப்பமண்டலத்தில், அதுவும் மரத்தின் வெளிக்கிளையில் வெயில் படத் தொங்குகிற பெரிய பழந்தின்னி வௌவாலுக்குப் பகல் முழுக்க இழப்புதான்; மத்தியானம் ஆனால் இறக்கையை விசிறியும் உடம்பை எச்சிலால் நக்கி நனைத்தும் சூட்டைத் தணித்துக்கொள்ளும், வியர்க்கிற வசதி அதற்கு இல்லை. அந்த எச்சிலும் உடம்புத் தண்ணீர்தானே. ராத்திரி ஆனதும் நிலைமை தலைகீழ். பழச்சாறு, பூந்தேன் என்று தண்ணீர் வந்து கொட்டும், அதைச் சேர்த்துவைத்தால் பறக்க முடியாது. ஆக ஒரே சிறுநீரகம் பகலில் கருமியாகவும் ராத்திரியில் ஊதாரியாகவும் இருக்க வேண்டும். எந்த அளவுக்குக் கருமி, எந்த அளவுக்கு ஊதாரி என்பதைச் சிறுநீரின் அடர்த்தி காட்டிக்கொடுத்துவிடும். கருவியின் பயன் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே நடக்கிற வேலையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகத்தை நெடுக்காக வெட்டினால் வெளியே புறணி, உள்ளே அகணி. புறணியில் ரத்தம் வடிகட்டப்படுகிறது. அகணிக்குள் இறங்கி மேலே ஏறுகிற ஹென்லி வளைவுகள்தான் அங்கே உப்பைக் குவித்துவைத்து, சேகரிப்புக் குழாய் வழியே போகிற சிறுநீரிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வழி செய்கின்றன. வளைவு நீளமாக, அகணி தடிமனாக இருந்தால் சிறுநீரை அதிகம் கெட்டியாக்கலாம். 2006-ல் அமெரிக்கக் கண்டங்களின் 26 வௌவால் இனங்களை எடுத்து, என்ன தின்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழமும் தேனும் தின்கிறவற்றுக்குப் புறணி பெரிது, அகணி சிறிது; பூச்சி, இறைச்சி தின்கிறவற்றுக்கு அகணியின் பங்கு அதிகம்.  தட்பவெப்பத்தைவிடத் தட்டில் என்ன விழுகிறது என்பதுதான் சிறுநீரகத்தை அதிகம் வடிவமைத்திருக்கிறது என்பது என் கட்சி. (பாலைவன இனங்களைக் காட்டி இதற்கு எதிராக வாதாட ஆள் உண்டு, வாதாடட்டும்.)

இனி கையில் எடுத்து அளந்த கதை.

நாங்கள் அதிகம் பார்ப்பது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால். நெட்டிலிங்க மரத்திலும் பனை ஓலையிலும் கூடாரம் மாதிரி மடக்கிக் குடியிருக்குமே, கொய்யா, சப்போட்டா, வாழை என்று எதையும் விடாதே, அதுதான். நாற்பது ஐம்பது கிராம் எடை. பழத்தை மென்று சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்பிவிடும். வலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்த கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் அதுவாகவே சிறுநீர் கழித்துவிடும், நாம் நுண்குழாயை நீட்டி நேராகப் பிடித்துக்கொண்டால் போதும். துணிப்பையில் விழுந்ததைப் பிழிந்து எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், துணி தண்ணீரை இழுத்துக்கொண்டு தப்பான எண் தரும். தோப்புக்காரர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் சார், சர்க்கரை வியாதி டெஸ்டா?" என்று கேட்டார். கேள்வி வேடிக்கைக்குத்தான், ஆனால் சர்க்கரை விஷயம் பின்னால் வருகிறது பாருங்கள்.

அந்தி நேரத்தில், இன்னும் எதையும் தின்னாமல் கிளம்புகிற வௌவாலைப் பிடித்தால் கோடு 1.012, 1.016 என்று நிற்கும். அதே மரத்துப் பக்கம் நடுராத்திரியில், வயிறு உருண்டு, வாயோரம் கொய்யா விதை ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பிடித்தால் 1.004 அல்லது அதற்கும் கீழே. கண்ணை வைத்துப் பார்த்தால் நீலம் வட்டத்தின் அடிவரை இறங்கி, வெள்ளை ஒரு சின்னப் பிறையாகக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரை விட்டுவிட்டோமா என்று சந்தேகம் வரும், அவ்வளவு நீர்த்த சிறுநீர். மனிதனுக்கு 1.010 பக்கம் வந்தாலே அது புரதம் நீங்கிய ரத்தநீரின் அடர்த்திக்குச் சமம், அதற்குக் கீழே போனால் உடம்பு தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலைக்குக் கருவி கச்சிதம். அந்தியில் ஒரு எண், ராத்திரியில் ஒரு எண், வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது, முதுகலை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது.

ஆனால் இந்த அடிமட்டத்திலேயே முதல் குறையும் தெரிந்துவிடுகிறது. அளவுகோலில் ஒரு சின்னக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 0.002. துல்லியமும் பெட்டியில் போட்டிருப்பதுபடி அவ்வளவுதான். மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்கா வரை வாழ்கிற பத்து கிராம் தேன் வௌவால் ஒன்று உண்டு, குளோசோஃபாகா சோரிசினா. ஒரே ராத்திரியில் தன் எடையைவிட அதிகமாகத் தேன் குடிக்கும். 2008-ல் வெளிவந்த ஆய்வில் அதற்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தபோது சிறுநீர் சராசரியாக 31 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்கள் எவ்வளவு என்று சொல்லும் அலகு) வரை நீர்த்துப்போனது, உப்பு கொடுத்தபோது 578 வரைதான் கெட்டியானது. நம் ரத்தமே 290 பக்கம் இருக்கும். இந்தக் கருவிக்கு மாற்றிப் பார்த்தால் அந்த வௌவால் நீர்க்கச் செய்யும் எல்லையும் கெட்டியாக்கும் எல்லையும் தோராயமாக 1.001-க்கும் 1.020-க்கும் நடுவிலேயே முடிந்துவிடும். முப்பதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசம் வௌவாலுக்குப் பெரிது, கருவிக்கு அது ஒரே கோடு.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று, கருவிக்குச் சம்பந்தம் குறைவு என்றாலும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தண்ணீர் உள்ளே வரும்போது குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொண்டு அப்படியே வெளியே விட்டுவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை, குடல் உறிஞ்சுகிற பங்கு மாறவில்லை, பாரம் முழுக்கச் சிறுநீரகத்தின் தலையில்தான். அதுவும் வடிகட்டும் வேகத்தைக் கூட்டவில்லை. வடிகட்டியதைத் திரும்ப உறிஞ்சுவதைத்தான் குறைத்துக்கொண்டது. பகலில் பட்டினி கிடக்கும்போதோ வடிகட்டும் வேகமே மணிக்கு 0.37 மி.லி. அளவுக்கு இறங்கிவிடுகிறது, தின்றிருக்கும்போது இருப்பதைவிட ஏறக்குறைய 90 சதவீதம் குறைவு. மனிதனுக்கு இந்த அளவு விழுந்தால் நேரே டயாலிசிஸ்தான். அதற்கு அது தினசரி வழக்கம், சாயங்காலம் ஆனால் பழையபடி ஓடத் தொடங்கிவிடும்.

மேல் முனைக்கு வருவோம், அங்கேதான் மார்க் குறைத்தேன்.

பூச்சி, தவளை, பல்லி தின்கிற வௌவால்களுக்குப் புரதம் அதிகம், புரதம் உடைந்தால் யூரியா, யூரியாவை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சிறுநீரைக் கெட்டியாக்கியே தீர வேண்டும். பழைய கோயில் மண்டபத்திலோ பாழடைந்த கட்டடத்திலோ நுழைந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி இருக்கிறதே, கெட்டியான சிறுநீருக்கும் அதில் பங்கு உண்டு. அவற்றை அளக்கப் போனால் கோடு 1.040 தாண்டி ஏறிக்கொண்டே போகும், சில நேரம் வட்டம் முழுக்க வெள்ளையாகிவிடும். 1.050-க்கு மேலே என்று மட்டும் தெரியும், எவ்வளவு மேலே என்று தெரியாது. மனிதச் சிறுநீருக்குப் போட்ட அளவுகோல் அது, மனிதன் முக்கி முனகினாலும் 1,200 மில்லி ஆஸ்மோல் பக்கம்தான் நிற்பான், அவனுக்கு 1.050 தாராளம்.

இதன் உச்சம் ரத்தம் குடிக்கிற வௌவால். அது நம் ஊர்ப்பக்கம் கிடையாது, மெக்சிகோவிலிருந்து தெற்கே அர்ஜென்டினா வரை. (நம் ஊர் போலி ரத்தவௌவால் ரத்தம் குடிக்காது, தவளையும் எலியும் தின்னும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.) முப்பது கிராம் சொச்சம் எடையுள்ள பிராணி ஒரே உட்காரலில் தன் எடையில் பாதிக்கு மேல் ரத்தத்தைக் குடித்துவிடும். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர், அதைச் சுமந்துகொண்டு எழும்பிப் பறக்க முடியாது. அதனால் குடிக்க ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே, மாட்டின் மேல் உட்கார்ந்தபடியே, நீர்த்த சிறுநீரைக் கழிக்கத் தொடங்கிவிடும். குகைக்குத் திரும்பிய பிறகு கதை மாறுகிறது. வயிற்றில் மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், யூரியா வெள்ளமாக வரும், கையிருப்புத் தண்ணீரையோ முன்பே கொட்டியாகிவிட்டது. இப்போது அதே சிறுநீரகம் சிறுநீரை 4,000 மில்லி ஆஸ்மோலுக்கும் மேல் கெட்டியாக்கும். 1969-ல் மெக்ஃபார்லண்டும் விம்சாட்டும் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒட்டகத்தையும் பாலைவன எலியையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம், ஈரக்காட்டில் உட்கார்ந்துகொண்டு பாலைவனக் கணக்கில் சிறுநீர் கழிக்கிற இந்த வௌவாலை யாரும் சொல்லித்தருவதில்லை.

இப்படி அளவுகோலைத் தாண்டும் மாதிரிக்கு ஒரு கைவேலை உண்டு. ஒரு பங்கு சிறுநீர், ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் என்று கலந்து அளந்து, புள்ளிக்குப் பின்னால் வருவதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 1.028 வந்தால் 1.056. வழி சரிதான், ஆனால் வௌவால் தருவதோ முப்பது நாற்பது மைக்ரோலிட்டர், அதில் பாதியை எடுத்துக் கலந்து, மைக்ரோபிப்பெட் நுனியில் ஒட்டியதை இழந்து... கணக்கில் பிழை ஏறிக்கொண்டே போகும். கூடுதலாகக் காசு போட முடிந்தால் நாய், பூனைக்கென்று தனி அளவுகோல் போட்ட கால்நடை மருத்துவ ரகத்தை வாங்குங்கள். பூனை நன்றாகவே கெட்டியாக்கும் பிராணி என்பதால் அந்த ரகங்களில் சில 1.060, 1.080 வரை போகின்றன.

துளி அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஓரிரு துளி போதும்' என்கிறது பெட்டி. அது மனிதத் துளி. நமக்குக் கிடைக்கிற துளி பட்டகத்தின் நடுவில் ஒரு பொட்டு மாதிரிதான் இருக்கும். தகட்டை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து மூடினால் துளி பரவிக்கொள்ளும், படாரென்று மூடினால் காற்றுக்குமிழி புகுந்து கோடு கலங்கிவிடும். பரவிய பிறகும் கோடு மங்கலாகத்தான் தெரியும். ராத்திரியில் ஹெட்லாம்ப்பை நேராகக் காட்டினால் கண் கூசும், ஒரு வெள்ளைத் தாளில் வெளிச்சத்தை அடித்து அதைப் பார்த்துப் பிடித்தால் தெளிவு கூடும். பூச்சித்தின்னிகளின் சிறுநீர் சில நேரம் கலங்கலாக வரும், அதைச் சுழற்றித் தெளியவைக்காமல் அளக்காதீர்கள்.

வெப்பம்தான் பெரிய தலைவலி. இதில் 'தானியங்கி வெப்பத் திருத்தம்' உண்டு. உள்ளே இரண்டு உலோகத்தைச் சேர்த்த ஒரு பட்டை, சூட்டுக்கு வளைந்து கோட்டைச் சரிசெய்யும். நல்ல ஏற்பாடு, ஆனால் 10-லிருந்து 30 டிகிரி வரைதான். 30 டிகிரியோடு நின்றுவிடும் கருவியை வைகாசி மாதம் மதுரைப் பக்கம் கொண்டுபோனால் என்ன செய்ய? ராத்திரி எட்டு மணிக்கும் 33, 34 இருக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 20 டிகிரியில் 1.3330, 30-ல் 1.3319. கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம், சிறுநீர் அளவுகோலில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கோடு. திருத்தம் கைவிட்டுவிட்டால் தேன், பழம் தின்னும் வௌவாலுக்கு அது பாதி விடையை விழுங்கிவிடும். இதற்கு நான் செய்வது: காய்ச்சி வடித்த நீரைக் கருவி இருக்கிற இடத்திலேயே, அதே சூட்டில் வைத்திருந்து, சில மாதிரிகளுக்கு ஒருமுறை பட்டகத்தில் விட்டுக் கோடு 1.000-ல் நிற்கிறதா என்று பார்த்துத் திருகைச் சரிசெய்துகொள்வது. ஏ.சி. அறையில் 20 டிகிரியில் சரிசெய்துவிட்டு வந்தால் போதும் என்கிற கையேட்டை நம்பிக் களத்துக்குப் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அரை நட்சத்திரம் குறைத்திருக்கிறேன், வெப்பமண்டல நாட்டில் விற்கிற சாமானுக்கு 40 டிகிரி வரையாவது திருத்தம் இருக்க வேண்டாமா?

தோப்புக்காரர் கேட்ட சர்க்கரை இப்போது. கருவிக்கு யூரியா எது, உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியாது, கரைந்திருப்பது எல்லாம் ஒன்றுதான். சிறுநீரில் 100 மி.லி.க்கு ஒரு கிராம் குளுக்கோஸ் இருந்தால் 0.004 கூடும், ஒரு கிராம் புரதம் இருந்தால் 0.003. பழந்தின்னியின் பின்பக்கம் எப்போதும் பழச்சாறு பிசுபிசுப்போடுதான் இருக்கும், எச்சமும் தண்ணியாக வரும். ஒரு துளிக்குள் கொய்யாச்சாறு கொஞ்சம் கலந்தாலே 1.004 என்பது 1.010 ஆகிவிடும், நாமும் 'ஆகா, இது தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது' என்று எழுதிவைத்துவிடுவோம். அளப்பதற்கு முன் மருந்துக்கடையில் விற்கிற சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் ஒரு சின்னப் பொட்டு வைத்துக் குளுக்கோஸ் கட்டம் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டை குளுக்கோஸை மட்டும்தான் பிடிக்கும், ஃபிரக்டோஸையும் சுக்ரோஸையும் பிடிக்காது. ஆனால் இந்தப் பழங்களில் மூன்றும் கலந்தே இருப்பதால் கலப்படம் நடந்ததா என்று தெரிந்துகொள்ள அது போதும். நிறம் மாறினால் அந்த மாதிரியைத் தூக்கிப்போடுங்கள்.

உப்பு விஷயத்திலும் கருவி ஊமை. பழத்தில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். பழந்தின்னியின் சிறுநீரகம் ஒன்றை வாரி இறைக்கவும் இன்னொன்றைத் துளித்துளியாகப் பிடித்துவைக்கவும் வேண்டும். அமேசான் காட்டில் களிமண் ஊற்றுகளுக்குக் கூட்டமாக வந்து தண்ணீர் குடிக்கிற பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவையும்தான். தாதுப்பு தேடி வருகின்றன என்று ஒரு கட்சி, பழத்தின் நச்சை முறிக்கக் களிமண் வேண்டி வருகின்றன என்று இன்னொரு கட்சி. இதில் மூக்கை நுழைக்க வேண்டுமென்றால் கல்லூரி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும், சோடியமும் பொட்டாசியமும் தனித்தனியாக அளக்கிற ஃபிளேம் போட்டோமீட்டரைத் துடைத்து எடுங்கள், இந்தக் கருவி உதவாது.

பெரிய பழந்தின்னிகளுக்கு வேறு மாதிரி பிரச்சினை. ஆலமரத்திலும் மருத மரத்திலும் நூற்றுக்கணக்கில் தொங்குகிறவற்றைப் பிடிக்க வேண்டாமே, கீழே பாலித்தீன் விரிப்பைப் போட்டால் சிறுநீர் தானாக விழும் என்பது நல்ல யோசனைதான். கிருமி ஆய்வுக்கு அப்படித்தான் எடுக்கிறார்கள். அடர்த்திக்கு அது ஆகாது. விரிப்பில் விழுந்த துளி வெயிலில் ஆவியாகிக் கெட்டியாகிவிடும், யாருடைய துளி, எப்போது விழுந்தது என்றும் தெரியாது. விடிவதற்கு முன், மேய்ச்சல் முடிந்து திரும்பியவுடன் விழுவதை உடனுக்குடன் எடுத்தால் ஓரளவு தேறும்.

இந்த இடத்தில் விளையாட்டு வேண்டாம். பெரிய பழந்தின்னியின் சிறுநீர் நிபா வைரஸ் வரும் வழிகளில் ஒன்று, 2018-ல் கோழிக்கோட்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வௌவாலைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், பிடிக்கிறவர் ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், இரண்டு அடுக்குக் கையுறை, என்95 முகமூடி, கண்ணாடி எல்லாம் வேண்டும். முக்கியமாக, இந்தக் கருவியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறோம் என்பதை மறக்காதீர்கள். துளி விட்ட கையோடு லென்ஸ் பக்கத்து ரப்பரைத் தொடக் கூடாது. ஒருவர் துளி விட, இன்னொருவர் பார்க்க என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பட்டகத்தை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி தொட்ட மெல்லிய தாளால் துடைத்து, அப்புறம் காய்ச்சி வடித்த நீரால் துடைக்க வேண்டும். கருவி முழுக்க நீர்புகாதது இல்லை, குழாயடியில் காட்டினால் உள்ளே பனி படர்ந்து அத்தோடு முடிந்தது. சும்மா ஆசைக்கு வாங்கி மொட்டை மாடியில் வௌவால் பிடிக்கலாம் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். உங்கள் சொந்தச் சிறுநீரை அளந்து பாருங்கள், காலையில் எழுந்ததும் ஒன்று, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஒன்று, அதுவே சுவாரசியமாகத்தான் இருக்கும்.

விற்றவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. பெயர் போடவில்லை. பெட்டியைப் பிரித்தால் கோட்டைச் சரிசெய்யும் சின்னத் திருப்புளி இல்லை, துளிவிடும் பிளாஸ்டிக் குழாயின் நுனி நசுங்கியிருந்தது. கேட்டதற்கு "சார், கருவி வேலை செய்யுதுல்ல?" என்று பதில் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டு ஒரு திருப்புளி வாங்கிக்கொண்டேன். ஃபோகஸ் வளையமும் போகப்போகத் தளர்ந்து, பையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் தானே திரும்பிக்கொள்கிறது, ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்திருக்கிறேன். ஒளியியல் மட்டும் குறை சொல்ல முடியாது, கோடு இன்னமும் கூர்மையாகத்தான் நிற்கிறது.

டிஜிட்டல் ரகம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பட்ஜெட் இருந்தால் வாங்குங்கள், கண்ணை ஒட்டிப் பார்க்கிற ஆபத்து போய்விடும், அது ஒன்றுக்காகவே தகும். கட்டுரை எழுதுகிற அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் ஆஸ்மோமீட்டர்தான் ஒரே வழி. ஆவி அழுத்த வகைக்குப் பத்து மைக்ரோலிட்டர் போதும், சர்க்கரை, உப்பு, யூரியா எல்லாவற்றையும் துகள் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளும். விலைதான் லட்சங்களில். பக்கத்தில் எந்த மருத்துவக் கல்லூரியிலாவது ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து, மூடி இறுக்கிய குழாயில் உறையவைத்து, உள்ளே இருப்பது வௌவால் மாதிரி என்று சொல்லி அவர்கள் சம்மதித்த பிறகு கொண்டுபோய் அளந்துகொள்ளலாம். அதுவரை களத்தில் எந்தத் துளியைக் குழாயில் அடைக்கலாம், எதைக் கொட்டிவிடலாம் என்று அங்கேயே பிரித்துப் பார்க்க இந்த இரண்டாயிரம் ரூபாய்ச் சாமான் தாராளமாகப் போதும், ஒரு திருப்புளி மட்டும் தனியாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.